பெரியம்மாவைக் கரைக்கப் போன நாள்

போன மாதம் கும்மிடிப்பூண்டியில் மகள் வீட்டில் கொஞ்ச நாள் இருந்தேன். அங்கே தொழிற்பேட்டையில் அவளுக்கு வேலை. ஒரு காலை, அடுப்படியில் சட்னிக்குத் தேங்காயை நறுக்கிக்கொண்டே இடது கைக் கட்டைவிரலால் செல்போனை இரண்டு தட்டுத் தட்டினாள். டிங் என்று ஒரு சத்தம்.

"லீவு சாங்ஷன் ஆயிடுச்சுப்பா."

"யார் குடுத்தா?"

"யாருன்னு இல்ல. அதுவே குடுத்துடும்."

"என்ன காரணம் எழுதின?"

"காரணமா? அதெல்லாம் எழுத வேண்டாம்பா."

சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவள்தான். சாயந்திரம் வரை கம்பெனிக்காரர்களோடு பேசிக்கொண்டே இருந்தாள். லீவு நாளில்தான் அவளுக்கு வேலை ஜாஸ்தி என்று மாப்பிள்ளை பெருமையாகச் சொன்னார். நான் ஜன்னல் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். காற்று எங்கிருந்தோ ஒரு தொழிற்சாலையின் வாடையைக் கொண்டுவந்தது. இரும்பு சீவும்போது ஊற்றுவார்களே, சூடேறின எண்ணெய், அந்த வாடை. மற்றவர்கள் மூக்கைப் பொத்துகிறார்கள். எனக்கு மட்டும் வயது குறைந்துவிடுகிறது.

காரணம் எழுத வேண்டாம் என்று அவள் சுலபமாகச் சொல்லிவிட்டாள். நான் வாழ்க்கையில் பார்த்த முதல் உத்தியோகமே அடுத்தவர் எழுதும் காரணங்களைப் படிப்பதுதான்.

எழுபதுகளின் தொடக்கம். திருவள்ளூரில், மணவாள நகரைத் தாண்டி, தண்ணீர் பம்புக்கு உதிரி பாகங்கள் செய்யும் ஒரு ஆலை இருந்தது. அதில், வருகையும் லீவும் எழுதிவைக்கும் டைம் ஆபீஸில் எனக்குக் குமாஸ்தா வேலை. கேட்டுக்கு உள்ளே ஒரு சின்ன அறை, ஒரு மேஜை, கம்பி போட்ட ஒரு ஜன்னல். அந்த ஜன்னல் வழியாகத்தான் உலகத்தின் துக்கங்கள் எல்லாம் என்னிடம் வரும். சித்தப்பா சாவு, மாமியார் சாவு, ஒன்றுவிட்ட அண்ணனுக்குப் பாம்புக்கடி. சேர்ந்த புதிதில் ஒவ்வொன்றுக்கும் மனம் கலங்கி, எழுந்து நின்று கையைப் பிடித்து ஆறுதல் சொல்லியிருக்கிறேன். அப்படி நான் ஆறுதல் சொன்ன ஒரு மாமியார், அடுத்த வாரம் மருமகனுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு கேட்டுக்கு வந்தார். நல்ல ஆரோக்கியமாக இருந்தார். அதற்குப் பிறகு நான் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை.

பொய் சொல்லும் ஜனங்கள் என்று நினைத்துவிட வேண்டாம். அவர்களை அப்படி ஆக்கியது எங்கள் ஒர்க்ஸ் மேனேஜர். ராகவன் சார். திருவள்ளூர் ஊருக்குள், கோயில் கைங்கரியம் செய்கிற குடும்பம். அண்ணன் தம்பிகள் எல்லாம் பெருமாளிடம் இருக்க, இவர் மட்டும் இன்ஜினியரிங் படித்து பம்புக்கு வந்துவிட்டார். நெற்றியில் ஒற்றை ஸ்ரீசூர்ணம், மடிப்புக் கலையாத பேண்ட். லீவு விஷயத்தில் அவருக்கு ஒரே ஒரு சித்தாந்தம்.

"பெருமாளுக்கே ஒரு நாள் லீவு கிடையாதுங்காணும். நமக்கென்ன?"

எங்கள் ஊர்ப் பெருமாள் சயனத் திருக்கோலம். காலை நீட்டிப் படுத்தபடிதான் எந்நேரமும் சேவை சாதிக்கிறார். அதை ராகவன் சாரிடம் எடுத்துச் சொல்லும் தைரியம் ஆலையில் ஒருவருக்கும் இல்லை.

சட்டப்படி எல்லோருக்கும் லீவு உண்டு. ஆனால் தக்க காரணம் வேண்டும், அது தக்கதா இல்லையா என்று அவர் பார்ப்பார். கல்யாணம் என்றால், "ஞாயித்துக்கிழமை முகூர்த்தமே இல்லையா?" என்பார். ஆர்.கே.பேட்டையிலிருந்து வந்துபோகும் ஒரு ஃபிட்டர், மாடு கன்று ஈன்றிருக்கிறது என்று உண்மையை எழுதிக் கொடுத்துவிட்டார். "கன்னு போட்டது மாடு. உனக்கு எதுக்கு லீவு?" என்று திரும்பி வந்தது. ஜுரம் என்றால் தானே நெற்றியில் கை வைத்துப் பார்ப்பார். அதனால் ஜுரம் வேண்டியவர்கள் அவர் அறைக்குப் போகுமுன் உலைப் பக்கம் போய் முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். அவர் மறுத்துப் பேசாத ஒரே காரணம் சாவுதான். ஆக, உறவுகள் செத்தன.

இந்தக் கூட்டத்தில் ஒருவர் மட்டும் லீவே கேட்டதில்லை. ஏகாம்பரம். டிரில்லிங் மிஷின் ஆபரேட்டர், என்னைவிடப் பெரியவர், மெலிந்த ஆள். மழையோ வெயிலோ, சைக்கிளின் ஹேண்டில்பாரில் சாப்பாட்டுத் தூக்கை மாட்டிக்கொண்டு சங்கு ஊதுமுன் வந்து நிற்பார். ராகவன் சாருக்கு அவர் என்றால் உயிர். யார் லீவு கேட்டுப் போனாலும், "ஏகாம்பரத்துக்கு மட்டும் சொந்தக்காரா இல்லையா?" என்று கேட்பார். அந்த வருஷம் ஒரு படி மேலே போய், ஒரு நாள்கூட லீவு எடுக்காத தொழிலாளிக்கு ஆயுத பூஜை அன்று பரிசு என்று அறிவித்தார். பரிசு ஒரு அலாரம் கடிகாரம். ஒரு நாளும் தாமதமாக வராதவருக்கு எதற்கு அலாரம் என்று யாரும் கேட்கவில்லை. யாருக்குப் போகப்போகிறது என்பதிலும் யாருக்கும் சந்தேகம் இல்லை.

ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் நானே கேட்டுவிட்டேன், "எப்படிங்க ஏகாம்பரம், ஒரு நாள்கூட அலுக்கலையா?"

அவர் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு சிரித்தார். திருப்பாச்சூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம் அவருடையது. அவருடையது என்றால், அவர் மனைவியுடையது. வீட்டோடு இருக்கும் மாப்பிள்ளை. மாமனாருக்கு நல்ல நெல் கழனி, ஒரே மகள்.

"ஊட்ல ஒரு நாள் இருந்தேன்னு வெச்சிக்கோ சார், மாமனாரு என்னை ஏர்ல கட்டிடுவாரு. அண்டை வெட்டு, நாத்து புடுங்கு, மூட்டை தூக்கு. பொழுது போறவரிக்கும் குந்த முடியாது. இங்க இன்னா? சுவிட்சைப் போட்டா மிசினு ஓடுது. நான் நின்னுக்கினு கீறேன். எனக்கு லீவே இங்கதான் சார்."

வீட்டில் என்ன சொல்லி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"கம்பெனில லீவே கெடையாதுன்னு சொல்லிக்கீறேன், ஞாயித்துக்கெழமகூட ஓவர்டைம்னு கெளம்பி வந்துடுவேன். மேனேஜரு ராட்சசன்னு சொல்லிக்கீறேன். அது பாதி நெஜந்தான சார்?"

அந்தப் பொய் சில வருஷம் நன்றாகவே ஓடியது. ஆடி மாதம் ஒரு பிற்பகல், ஏகாம்பரத்தின் மனைவி கேட்டுக்கு வந்தாள். தெய்வானை என்று பெயர். சந்தைக்கு வந்த கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, என் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.

"சார், உங்க கம்பெனில கல்யாணம் ஆனவங்களுக்குக்கூட லீவு கெடையாதா?"

நான் விழித்தேன். அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மனதில் எத்தனையோ நாளாக வைத்திருந்ததைக் கடகடவென்று சொன்னாள்.

"எங்க கழனிக்கு அந்தாண்ட மெட்ராஸ் ட்ரெயினு போவுது சார். தெனம் பாக்கறேன். ஒரு தபா ஏறினதில்ல. கல்யாணம் ஆனதிலிருந்து அவுரும் நானும் ஒரு எடத்துக்குச் சேந்து போனதில்ல. சமுத்திரம் பாக்கணும்னு கேட்டா, லீவு இல்லன்றாரு. மத்த பொண்ணுங்க கோச்சிக்கினா அம்மா ஊட்டுக்குப் போவும். நான் அம்மா ஊட்லயே கீறேன். எங்க சார் போவறது?"

நான் வாயைத் திறக்குமுன் எங்கள் வாட்ச்மேன் குறுக்கே புகுந்தார். ஊத்துக்கோட்டைப் பக்கத்து மனிதர், எல்லோரையும் நைனா என்றுதான் கூப்பிடுவார். நல்ல மனசு. வாய்க்கு மட்டும் பூட்டு கிடையாது.

"ஏகாம்பரம் சம்சாரமாம்மா நீ? உன் ஊட்டுக்காரன் சொக்கத் தங்கம்! எல்லா நைனாவும் லீவு எடுக்கறான், அவன் ஒருத்தன்தான் எடுக்கறதே இல்ல. குடுத்தாலும் வாணாம்ன்றான். அவனுக்குப் பிரைஸ் குடுக்கப் போறாங்க, தெரியுமா?"

தெய்வானை அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் மேஜையில் இருந்த கார்பன் பேப்பரை மிகக் கவனமாக அடுக்க ஆரம்பித்தேன். கூடையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் ஏகாம்பரத்தின் சைக்கிளில் தூக்கு இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. கேன்டீனில் புளிசாதத்தை வாங்கி வைத்துக்கொண்டு, அதைச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

"திட்டினாக்கூடத் தேவல சார். பேசவே மாட்டேன்றா. கொழந்த கையில சொல்லி அனுப்பறா. 'உங்க அப்பாவுக்கு அவுரு ஊடு கம்பெனிதானாம், அங்கயே துன்னட்டும்'னு. பேஜாரா கீது சார். மிசின்ல நின்னாலும் நிம்மதி இல்ல."

"ஒரு நாள் லீவு போட்டுக் கூட்டிட்டுப் போங்களேன்."

"போட்டா மாமனாருக்குத் தெரியாம இருக்குமா? இவனுக்கு லீவு கீதுன்னு தெரிஞ்சா அந்த ஆளு உடுவாரா? அதோட இந்தப் பிரைஸு வேற. மேனேஜரு மெட்ராஸ் ஆபீசுக்கெல்லாம் என் பேரைச் சொல்லி வெச்சிக்கீறாரு."

கம்பெனிக்குத் தெரிந்து, வீட்டுக்குத் தெரியாமல் லீவு எடுக்க வேண்டும். அதுவும் ராகவன் சார் ஒப்புக்கொள்ளும்படியான லீவு. அது எது என்று எங்கள் இருவருக்குமே தெரியும்.

"அரக்கோணத்துல ஒரு பெரியம்மா இருந்தாங்க சார்," என்றார் ஏகாம்பரம் கடைசியில்.

"இருந்தாங்களா, இருக்காங்களா?"

"அது எப்பவோ போயிட்டாங்க சார். அதனாலதான் அவங்களைச் சொல்றேன். உசுரோட கீறவங்களைச் சொல்ல மனசு வரல."

எத்தனையோ பேர் எத்தனையோ உறவுகளை என் ஜன்னலில் சாகடித்திருக்கிறார்கள். இப்படி மனசாட்சியோடு செய்த ஒரே ஆள் அவர்தான்.

பெரியம்மா தவறிவிட்டார், நாளை வெள்ளிக்கிழமை லீவு வேண்டும் என்ற கடிதத்தை ராகவன் சார் படித்தபோது நிஜமாகவே துக்கப்பட்டார். பெரியம்மாவுக்காக இல்லை, கடிகாரத்துக்காக. "பெரியம்மாதானே? அரை நாள் போறாதா?" என்று கேட்டுப் பார்த்தார். ஏகாம்பரம் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். "சரி, போயிட்டு வா. வெள்ளிக்கிழமை நானும் இருக்கமாட்டேன், மெட்ராஸ்ல ஹெட் ஆபீஸ் மீட்டிங்," என்று மனமில்லாமல் கையெழுத்துப் போட்டார்.

பேச்சுவார்த்தை இல்லாத மனைவியிடம் இந்தத் திட்டத்தை எப்படிச் சொன்னாரோ, சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை காலை தெய்வானை, திருவள்ளூர்க் கோயிலுக்குப் போகிறேன், வர நேரமாகும் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். ஏகாம்பரம் வழக்கம்போல் வேலைக்குக் கிளம்பினார். அன்றைக்கு அவர் ஹேண்டில்பாரில் தூக்கு இருந்தது. இரண்டு பேருக்கான சாப்பாடு. ஊர் எல்லை வரை ஒருவரை ஒருவர் தெரியாதவர்களைப் போலப் போய், ஸ்டேஷனில் சேர்ந்துகொண்டார்களாம். தாலி கட்டிக் குழந்தையும் பெற்ற இருவர், ஓடிப்போகிறவர்களைப் போல ரயிலேறியிருக்கிறார்கள்.

இனிமேல் நான் சொல்வது சனிக்கிழமை ஏகாம்பரம் எனக்குச் சொன்னது. சொல்லும்போது அவருக்குச் சிரிப்பும் நடுக்கமும் மாறி மாறி வந்தன.

மெட்ராஸில் சமுத்திரத்தைப் பார்த்ததும் தெய்வானை செருப்பை இவரிடம் கொடுத்துவிட்டு நேரே தண்ணீருக்குப் போய்விட்டாள். இவர் மாங்காய் வாங்கப் போனார். அலை பெரிதாக வந்தபோது தெய்வானை தடுமாறி, பக்கத்தில் நின்ற ஒரு அம்மாளின் கையைப் பிடித்திருக்கிறாள். மடிசார் கட்டின மாமி. அவரும் பயத்தில் இவளைத்தான் பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் கையை விடாமலே பேச்சுக் கொடுத்திருக்கிறார்கள்.

"முதல் தடவையாம்மா?" என்றாராம் மாமி.

"ஆமா மாமி. லீவு இல்ல, லீவு இல்லன்னே இத்தினி வருசம் என்னை ஏமாத்திக்கினு இருந்தாரு எங்க ஊட்டுக்காரரு."

"எல்லா புருஷாளும் அதையேதான் சொல்றா. எங்காத்துலயும் இதே பாட்டுதான். கேட்டா, பெருமாளுக்கே லீவு இல்லேம்பார். நேத்திக்கு என்ன தோணித்தோ, அதிசயமா லீவு போட்டேன், வான்னார்."

இதைத் தெய்வானை ஆர்வமாகக் கேட்டுக்கொண்டிருந்தபோது, ஒரு பக்கமிருந்து ஏகாம்பரம் இரண்டு மாங்காய்ப் பத்தையோடு வந்தார். இன்னொரு பக்கமிருந்து, முழங்கால் வரை சுருட்டிய பேண்டும், ஒரு கையில் செருப்பும், மறுகையில் மிளகாய்ப்பொடி தூவிய மாங்காயுமாக ராகவன் சார் வந்தார்.

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அலை வந்து போனது. முதலில் பேசியவர் ராகவன் சார்தான். பழக்கம்.

"ஏகாம்பரம், உன் பெரியம்மா..."

"அவங்களைக் கரைக்கத்தான் வந்தோம் சார்," என்றார் ஏகாம்பரம். எப்படி அது வாயில் வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. கையில் மாங்காய். வந்த வேகத்தில் அடுத்ததும் வந்துவிட்டது. "சாருக்கு மீட்டிங் முடிஞ்சிடுச்சுங்களா?"

"நடந்துண்டிருக்கு," என்றார் ராகவன் சார்.

மாமி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன மீட்டிங்? லீவுன்னேளே?"

முதலில் சிரித்தது தெய்வானை. பெரியம்மா எப்போதோ போனவர் என்று அவளுக்குத் தெரியும். அவளைப் பார்த்து மாமிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நாலு பேரும் மணலில் உட்கார்ந்தார்கள். மேனேஜருக்கு எதிரில் உட்காருவதா என்று தயங்கிய ஏகாம்பரத்தை மாமிதான் அதட்டி உட்கார வைத்தாராம். சாயந்திரம் திரும்பும் ரயிலிலும் ஒரே பெட்டி. பெண்கள் இருவரும் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தார்கள். ஆண்கள் இருவரும் வாசலில் நின்று, வெளியே ஓடும் கழனிகளை ஊன்றிப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் ராகவன் சார் என்னைக் கூப்பிட்டார்.

"ஏகாம்பரத்துக்கு நேத்து லீவு போட்டுட்டீரா?"

"போட்டுட்டேன் சார்."

"அதை அடிச்சுட்டு ஆன் டியூட்டின்னு போடும். மெட்ராஸ்ல என் மீட்டிங்ல இருந்தான்."

"சரிங்க சார். அப்ப அவரோட பெரியம்மா?"

அவர் கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தார். "அவா சௌக்கியமா இருக்கா," என்றார்.

அடுத்த வாரம் நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. ஒரு நாள் லீவுக்கு இனிமேல் சொந்த வேலை என்று எழுதினால் போதும். ஆலையே நம்பாமல் திரும்பத் திரும்பப் படித்தது. அன்றிலிருந்து எங்கள் சுற்று வட்டாரத்தில் சாவு கணிசமாகக் குறைந்தது. ஆனால் நம் ஆட்களுக்குச் சொந்த வேலை என்பது சப்பென்று இருந்தது. விஷயம் எப்படியோ கசிந்துவிட்டது, வாட்ச்மேன் வழியாகத்தான் இருக்கும். யாராவது மனைவியைக் கூட்டிக்கொண்டு சினிமாவுக்கோ திருத்தணிக்கோ போவதாக இருந்தால், என் ஜன்னலில் குனிந்து, "சார், நாளைக்கு மீட்டிங்கு," என்பார்கள். முகத்தில் கல்யாணமான புதிதில் வருகிற வெட்கம் இருக்கும். நானும் எதுவும் கேட்காமல் வாங்கி வைத்துக்கொள்வேன்.

ஆயுத பூஜை வந்தது. மிஷின்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம். வாசலில் வாழை மரம். தொழிலாளர் குடும்பங்களுக்கு அன்று அழைப்பு உண்டு. ஏகாம்பரத்தின் மாமனார் வெள்ளை வேட்டி கட்டி, முன் வரிசையில் மகளுக்கும் பேரக் குழந்தைக்கும் நடுவில் கம்பீரமாக உட்கார்ந்திருந்தார். ராகவன் சார் கடிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, நன்றி உணர்ச்சியில் கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டார்.

"இந்தக் கம்பெனியில எல்லாருக்கும் வேண்டிய லீவு இருக்கு. கேட்டா உடனே கிடைக்கும். அப்படி இருந்தும், இத்தனை வருஷமா ஒரு நாள்கூட அதைத் தொடாதவர் ஏகாம்பரம்!"

எல்லோரும் கை தட்டினார்கள். மாமனார் மட்டும் தட்டவில்லை. மெதுவாகத் திரும்பி, மேடைக்குப் போய்க்கொண்டிருந்த மாப்பிள்ளையின் முதுகைப் பார்த்தார். பிறகு பேரக் குழந்தைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த என்னிடம் குனிந்து கேட்டார்.

"லீவு கீதா? வருசத்துக்கு எத்தினி நாளு கீது?"

நான் வாழைப்பழத் தட்டைக் கவனிக்கப் போவதாகச் சொல்லி எழுந்துவிட்டேன். யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டார் போலிருக்கிறது. அந்தத் தை மாதம் அறுவடைக்கு ஏகாம்பரம் முதல் முதலாக, பெரியம்மா யாரும் சாகாமல், நீண்ட லீவு எடுத்தார். திரும்பி வந்தபோது முகம் கறுத்து, கை முழுக்கக் கீறல். டிரில்லிங் மிஷினை ஒரு தடவை தடவிக் கொடுத்துவிட்டு சுவிட்சைப் போட்டார். "ஒடம்பு தேறணும் சார்," என்றார். ஆனால் தூக்கு தினமும் வந்தது. வருஷத்துக்கு ஒரு முறை, அறுவடை முடிந்த பிறகு, அவருக்கும் மீட்டிங் உண்டு. அதை மாமனாரும் தடுக்கவில்லை. மகள் கேட்டு அவர் எதையும் மறுத்தவரில்லை என்று பிறகுதான் தெரிந்தது. லீவு இல்லை என்று நம்பியதால் அவள்தான் அப்பாவிடம் கேட்கவே இல்லை.

நான் பிறகு வேறு வேலைக்குப் போய்விட்டேன். அந்த ஆலை மூடப்பட்டது, எந்த வருஷம் என்றுகூட நினைவில்லை. இப்போது அந்த இடத்தில் சரக்கு லாரிகள் நிற்கின்றன. டைம் ஆபீஸ் இருந்த இடத்தில் ஒரு ஏ.டி.எம். ராகவன் சார் இல்லை, மாமி இல்லை. ஊருக்கே நேரம் சொன்ன சங்கு என்ன ஆயிற்றென்று கேட்டேன், பழைய இரும்புக்குப் போய்விட்டதாம். மாமனாரின் கழனி, அவர் காலத்துக்குப் பிறகு மனைகளாகி, பிறகு அடுக்குமாடிகளாகி நிற்கிறது.

சில வருஷங்களுக்கு முன் ஒரு நண்பரைப் பார்க்க அந்த அடுக்குமாடிக்குப் போனேன். கேட்டில் நீலச் சட்டை, தொப்பியோடு ஒரு கிழவர் எழுந்து சலாம் வைத்தார். ஏகாம்பரம்! பக்கத்தில் மரத்தடியில் தெய்வானை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மதியச் சாப்பாடு கொண்டுவந்தவள், அப்படியே உட்கார்ந்துவிட்டாளாம்.

"பசங்க வேணான்னுதான் சொன்னானுங்க சார். ஊட்ல சொம்மா குந்திக்கினு இருக்க முடியல," என்றார் ஏகாம்பரம். அவர் ஏர் ஓட்டிய மண்ணின்மேல்தான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். அதைச் சொல்லிச் சிரித்தார்.

"லீவெல்லாம் உண்டா?" என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"கெடையாது சார். மாத்து ஆளு வந்தாத்தான் போவ முடியும். இந்த தபா நெஜமாவே கெடையாது."

தெய்வானை கீரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எதுக்கும் நீங்க ஒரு தபா விசாரிச்சிட்டுச் சொல்லுங்க சார்," என்றாள்.

விசாரிக்கலாம் என்று நானும் சுற்றிப் பார்த்தேன். கேட்டுக்குப் பக்கத்தில் ஜன்னல் எதுவும் இல்லை. உங்கள் மேனேஜர் யார் என்று ஏகாம்பரத்தையே கேட்டேன். அவர் பார்த்ததில்லை. ஏதோ ஏஜென்சி என்றார். ஆபீஸ் பெங்களூரிலா, ஹைதராபாத்திலா என்று அவருக்குத் தெரியவில்லை.